வலியில்லாமல் வந்த மாரடைப்பு: மிலிட்டரி நண்பரைத் தேற்றிக் கொண்டுவர ஒரு முழு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊருக்கு ஊர் ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் இசிஜி எடுத்த டாக்டர், "உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு, தெரியுமா?" என்று கேட்க, "எனக்கா?" என்று சிரித்துவிட்டு வந்திருப்பார். அங்கிருந்து நண்பர்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதுதான் இது. வைத்தியம் டாக்டர் வேலை. ஒரு செக்கப்புக்கும் அடுத்த செக்கப்புக்கும் நடுவில் இருக்கிற நாட்கள் நம்முடையவை, தப்பு நடப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டிலும் வாக்கிங்கிலும் ஆரம்பிக்கிறார்கள், அதுதான் கண்ணுக்குத் தெரிகிற வேலை. அவசரத்துக்கு என்ன செய்வது என்று முடிவாகாமல், மாத்திரை ஒழுங்காகாமல் ஆளை நடக்கக் கூட்டிப்போவது தலைகீழ்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி நகல், கடைசி இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், ரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்கிற ஆஞ்சியோ செய்திருந்தால் அதன் சிடி. கையின் மேல்பகுதியில் சுற்றுகிற வகை பிபி மெஷின், ஒரு எடை மெஷின், காலை மதியம் இரவு என்று அறை பிரித்த மாத்திரை டப்பா, ஒரு நாற்பது பக்க நோட்டு. அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட முக்கியம் வீட்டு அம்மாவின் சம்மதம். அண்ணியிடம் கேட்காமல் நாலு பேர் போய் அடுக்களையில் உப்பு ஜாடியை ஒளித்து வைத்தால், அடுத்த வாரம் வாசலில் காபிகூடக் கிடைக்காது.

1. ஒரே ஒரு பொறுப்பாளர்

நண்பர்கள் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் டாக்டர் ஆகிவிடுவார்கள். ஒருவர் பூண்டுப் பால் என்பார், ஒருவர் மருதம்பட்டைக் கஷாயம் என்பார், இன்னொருவர் தன் மாமாவுக்கு பெங்களூரில் எழுதிக் கொடுத்த சீட்டையே எடுத்து வருவார். அதனால் முதல் வேலை, டாக்டரிடம் கூடப் போகவும் நோட்டு எழுதவும் ஒரே ஆளை முடிவு செய்வது. மற்றவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுங்கள்: நடக்கக் கூடப் போக ஒருவர், வண்டிக்கு ஒருவர், மாத்திரை வாங்க ஒருவர்.

பொறுப்பாளர் அவர் பேச்சைக் கேட்கிற ஆளாக இருக்கட்டும். சர்வீஸில் கூட இருந்த இன்னொரு எக்ஸ்-சர்வீஸ்மேன் பக்கத்து ஊரில் இருந்தால் அவரையே போடுங்கள். நாம் பத்து தடவை சொல்வதை அவர், "சாப், ஆர்டர்னா ஆர்டர்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

2. அவர் நம்ப வேண்டும்

பாதிப் பிரச்சினை இங்கேதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு வியாதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. வலியே இல்லாமல் வந்தவர், "மெஷின் தப்பா காட்டுது" என்றுதான் சொல்வார். அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் வைக்காமல் மாத்திரையோடு அனுப்பியிருந்தால் இன்னும் மோசம், ஆபரேஷனே இல்லை, அப்புறம் என்ன வியாதி என்பது அவர் கணக்கு. பல நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்படும் மாரடைப்பில் சிலருக்கு மாத்திரையே சரியான வைத்தியம் என்பதால்தான் அப்படி அனுப்புகிறார்கள், லேசான வியாதி என்பதால் அல்ல.

பட்டாளத்தில் இருந்தவரிடம் "பயமாயிருக்கு, பார்த்து இருங்க" என்றால் எடுபடாது, ரிப்போர்ட் எடுபடும். அடுத்த செக்கப்பில் எக்கோ படத்தை அவருக்கே காட்டச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இதயச் சுவரில் ஒரு பகுதி மட்டும் மற்ற இடம்போலச் சுருங்காமல் மந்தமாக இருப்பதைக் கண்ணால் பார்த்தால் வாதம் நின்றுவிடும். ரிப்போர்ட்டில் இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்று ஒரு சதவீதம் இருக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தனக்குள் இருக்கிற ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது, நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல். அவருடைய எண் எவ்வளவு என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஏன் வலிக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். பல வருடச் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துவிடும், இதயத்திலிருந்து வர வேண்டிய வலிச் செய்தி வராது. வலியைப் பொறுத்துப் பழகியவர், வந்த கொஞ்சத்தையும் வாயுத் தொல்லை என்று ஒதுக்கியிருப்பார்.

அப்புறம் ஒரு கேள்வி, இதைத் தவற விடாதீர்கள்: "இந்த ஒரு வருஷத்துல என்னைக்காவது காரணமே இல்லாம வேர்த்துச்சா, மூச்சு வாங்குச்சா, படுத்தே கிடந்தீங்களா?" முதலில் இல்லை என்பார். அண்ணிதான் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பார்: "அன்னைக்கு மாந்தோப்புக்குப் போயிட்டு வந்து சட்டையெல்லாம் நனைஞ்சு, சோடா வாங்கிட்டு வரச் சொல்லிக் குடிச்சிட்டுப் படுத்தாரே." அந்த நாள்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்கு இருந்த அறிகுறிகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அதுதான் தேவை.

3. அவசரத் திட்டம், காகிதத்தில்

இவருக்கு அடுத்த அட்டாக்கும் வலியோடு வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. "நெஞ்சு வலிச்சா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வருவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. திடீர் வியர்வை, படுத்தால் மூச்சுத் திணறல், தாடை, தோள், முதுகு, மேல்வயிற்றில் இறுக்கம், வாந்தி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான அசதி, இவற்றோடு போன தடவை அவருக்கு இருந்தவை. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்.

அதன் கீழே என்ன செய்வது என்று வரிசையாக எழுதுங்கள். உட்கார வைக்க வேண்டும். நாக்கடியில் வைக்கிற மாத்திரை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடியே ஒன்று, நின்றுகொண்டு வைத்தால் பிபி சட்டென்று இறங்கி விழுந்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் 108. அந்த மாத்திரை இல்லாத வீட்டில் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், நேராக 108. நினைவு தப்பி மூச்சும் இல்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை ஆழமாக அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. இதை வீட்டில் இரண்டு பேராவது முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம், வழியில் மயங்கினால் மூன்று பேரும் விழுவீர்கள். அவரே வண்டியை எடுப்பதும் கூடாது. நம்ம ஆட்கள் கட்டாயம் சாவியைத் தேடுவார்கள், சாவி இருக்கிற இடத்தை மாற்றி வையுங்கள்.

எங்கே போவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். "நேரா பெங்களூர் போயிடலாம்" என்று கிளம்பி அத்திப்பள்ளி நெரிசலில் நிற்பதும், தர்மபுரியிலிருந்து சேலம் போகிறேன் என்று தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் மாட்டுவதும் இங்கே சாதாரணமாக நடப்பவை. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர். இதயத் தசைக்கு ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் தசை செத்துக்கொண்டிருக்கும். முதலில் போக வேண்டியது, பக்கத்தில் இசிஜி எடுத்து முதல் மருந்து கொடுக்கிற இடத்துக்கு. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரை வைத்திருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைக்கு அங்கிருந்து மாற்றுவதை டாக்டர் சொல்லட்டும்.

4. மாத்திரை

கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

முதல் நாள் அவர் வீட்டு டிராயரைத் திறந்து எல்லா அட்டையையும் மேசையில் கொட்டுங்கள். காரிமங்கலம் பக்கம் ஒரு ஹவில்தார் அண்ணன் வீட்டில் அப்படிக் கொட்டியபோது ஒரே மருந்து இரண்டு பெயரில் கிடந்தது. தனியார் மருத்துவமனையில் கொடுத்த அட்டை ஒரு கம்பெனிப் பெயரில், முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் கொடுத்தது வேறு பெயரில். அவர் இரண்டையும் ஒழுங்காக, நேரம் தவறாமல், டிசிப்ளினாகப் போட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் உறையாமல் வைக்கிற மருந்து இரட்டிப்பானால் எங்காவது ரத்தம் கசியத் தொடங்கும். பிபி மருந்து இரட்டிப்பானால் பாத்ரூமில் விழுவார். அதனால் கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் பாருங்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில் என்று இருக்கும். இவை எல்லாமே எல்லாருக்கும் இருக்காது. நோட்டில் மருந்துப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எதற்கு என்று எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ காட்டி ஒன்றை நிறுத்துங்கள்.

மாத்திரை வருகிற மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரை வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் அதைத் தொடங்கியதே நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான். நல்ல திட்டம், ஆனால் வருகிற தன்னார்வலருக்கு நம்ம நண்பர் வேறு எங்கே என்ன மாத்திரை வாங்குகிறார் என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும். அந்த நோட்டை அவரிடமும் காட்டுங்கள்.

நிறுத்துவதில் நடக்கிற தப்பு இன்னும் பெரியது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மருந்து, பொதுவாக ஒரு வருடம் வரை கொடுப்பார்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று இதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி, முதல் அட்டாக்கைவிடப் பெரிதாக ஒன்று வரலாம். பல் பிடுங்கப் போனாலும், யாராவது "இத நிறுத்திட்டு வாங்க" என்று சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. ராமிப்ரில் என்ற பிபி மருந்து சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொன்னால் மாற்றுவார்.

அடுத்து மூட்டுவலி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வரும்வரை புளோரைடு கலந்த போர்த் தண்ணீரைக் குடித்தே வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. முட்டி, இடுப்பு வலிக்குக் கடையில் செட் மாத்திரை வாங்கிப் போடுவது பழக்கமாகிவிட்டது. அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலிநிவாரணி இருக்கும், இதய நோயாளிக்கு அது ஆகாது: உடம்பில் நீர் கட்டும், மறுபடி அட்டாக் வரும் ஆபத்தும் கூடும். வலி என்றால் டாக்டரிடம் கேட்டு அவர் சொல்கிற மாத்திரைதான்.

வெளிப்படையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆண்மை மாத்திரை என்று நண்பர்களே ஒன்றை வாங்கிக் கொடுப்பார்கள். நாக்கடி மாத்திரையோடு அது சேர்ந்தால் பிபி பாதாளத்துக்குப் போய் உயிரே போகலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள், அவர்கள் தினமும் கேட்கிற கேள்விதான் அது.

5. ஈசிஎச்எஸ் ஃபைல்

முன்னாள் படைவீரர்களுக்கான இந்தத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. மிலிட்டரி கேன்டீன் கார்டும் ஈசிஎச்எஸ் கார்டும் வேறு வேறு, ராத்திரி அவசரத்தில் கேன்டீன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈசிஎச்எஸ் கார்டு, ஆதார், பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் பொறுப்பாளர் போனில் வையுங்கள்.

சாதாரண நாட்களில் பெரும்பாலும் பாலிகிளினிக் ரெஃபரல் வாங்கித்தான் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரெஃபரலில் எதுவரை செல்லும் என்ற தேதி இருக்கும், கிளம்பும் முன் அதைப் பாருங்கள். அவசரத்துக்கு ரெஃபரல் தேவையில்லை, பட்டியலில் இல்லாத மருத்துவமனையில்கூடச் சேர்க்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாக வேண்டும். ஐசியூ வாசலில் நிற்கிற குடும்பத்துக்கு இது ஞாபகமே வராது, அதனால் இது நண்பன் வேலை. யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டிய பணம் திட்டத்தின் கட்டண விகிதப்படிதான் திரும்ப வரும், பில் முழுவதும் வராது. ஒரிஜினல் பில், அவசர நிலைச் சான்று இரண்டும் பத்திரம். சந்தேகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

6. நடை

டாக்டர் சரி சொன்ன பிறகுதான். சமதரையில் ஐந்து பத்து நிமிடம், காலையும் மாலையும், சில நாளைக்கு ஒரு முறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடிந்தால் வேகம் சரி. நடுவில் நிற்கிறார் என்றால் அதிகம்.

மிலிட்டரிக்காரரிடம் சோம்பல் ஒரு பிரச்சினையே இல்லை, வேகம்தான் பிரச்சினை. வாக்கிங் என்று ஆரம்பித்து மூன்றாம் நாள் ஓடுவார், ஐந்தாம் நாள் தண்டால் எடுப்பார். மூச்சைப் பிடித்துத் தூக்குகிற எதுவும் ஆகாது, சிலிண்டர், தண்ணீர்க் குடம், நெல் மூட்டை எல்லாம் இதில் சேர்த்தி. கூட நடக்கிறவர் அவருக்கு அரை அடி பின்னாலேயே நடக்க வேண்டும். பக்கத்தில் நடந்தால் அவர் முந்தப் பார்ப்பார், முன்னால் நடந்தால் பிடிக்கப் பார்ப்பார். பின்னால் நடந்து பேச்சுக் கொடுத்தால் திரும்பித் திரும்பிப் பதில் சொல்லியே வேகம் குறைந்துவிடும்.

மார்கழி, தையில் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் குளிரில் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டாம், குளிர் ரத்தக் குழாயைச் சுருக்கும். வெயில் வந்த பிறகு போங்கள். சித்திரையில் தர்மபுரியில் இதற்கு நேர்மாறு. சாப்பிட்ட உடனே எந்த மாதத்திலும் வேண்டாம்.

தினமும் காலை, காலைக்கடன் முடித்துச் சாப்பிடும் முன் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் சேர்ந்த நீர். கால் வீங்கினாலும், ராத்திரி தலையணை கூட்டிப் படுத்தாலும் அப்படியே. அன்றே டாக்டருக்குப் போன்.

7. சாப்பாடு

களியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. உருண்டையின் அளவும், கூட வருகிற குழம்பும்தான் விஷயம், கேழ்வரகானாலும் பெரிய உருண்டை சர்க்கரையை ஏற்றும். நாள் முழுவதுக்கும் உப்பு 5 கிராம், அதாவது ஒரு சின்ன ஸ்பூனுக்குள். கருவாட்டுக் குழம்பும் வடுமாங்காயும் ஒரே வேளையில் அதைத் தாண்டிவிடும். "சோடியம் குறைவான உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். ராமிப்ரில் போடுகிறவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் அது ஆபத்து, கேட்காமல் வாங்காதீர்கள்.

அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் ஒரு வாரம்கூட நிற்காது, வீடே உப்பைக் குறைக்கட்டும். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ், பிஸ்கட், மாம்பழக் கூடை என்று தூக்கி வராதபடி பொறுப்பாளர் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

8. கேன்டீன் பாட்டில்

அவர் குடிப்பதை நிறுத்தச் சொல்லும் முன் நாம் கேட்பதை நிறுத்த வேண்டும். "அண்ணா, இந்த மாச கோட்டாவுல எனக்கு ஒண்ணு" என்று கேட்கிற நண்பர்கள் இருக்கும்வரை அவர் வீட்டில் ரம் இருக்கும், இருந்தால் ஒரு ராத்திரி மூடி திறக்கும். கேன்டீனுக்குச் சோப்பு, எண்ணெய் வாங்கப் போகட்டும், சரக்கு கவுன்டர் பக்கம் வேண்டாம். பீடி, சிகரெட்டும் அப்படியே. அவர் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் பற்றவைத்தால் புகை அவருக்கும்தான் போகும்.

9. மனசு

மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு நிறையப் பேருக்கு வருகிறது, இவர்களிடம் அது அழுகையாக வராது. சிடுசிடுப்பாக வரும், பேரன் சத்தம் போட்டால் கத்துவது, பேப்பர் படிக்காமல் விடுவது, கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்பது. எதிரே உட்கார்ந்து "எப்படி இருக்கீங்க?" என்றால் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார். நடக்கும்போது, வண்டியில் போகும்போது, முகம் பார்க்காத நேரத்தில்தான் பேச்சு வரும். வந்தால் குறுக்கே புத்தி சொல்லாமல் கேளுங்கள். இன்னார் இதே வியாதியில் போய்விட்டார் என்ற கதையை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தூங்காமல், சாப்பிடாமல், "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 எந்த நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம். செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர் என்றால், தேர்தல் நேரத்தில் ஒப்படைப்பதுபோல ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ கொஞ்ச காலம் ஒப்படைக்கலாம். "வீட்ல யாரும் பார்த்துக்க முடியாது" என்று காரணம் சொன்னால் அவருக்கும் மரியாதை கெடாது.

10. வேலைக்குத் திரும்புவது

ஓசூர் சிப்காட்டில் நைட் டூட்டி செக்யூரிட்டியாக இருப்பவர்கள் பலர். எப்போது போகலாம் என்பதை எக்கோ பார்த்து டாக்டர் சொல்வார், அதை ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டாக எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை சூப்பர்வைசர் கேட்கமாட்டார். திரும்பினாலும் முதலில் பகல் ஷிஃப்ட் கேளுங்கள். இரவு விழித்தால் தூக்கம் மட்டுமல்ல, மாத்திரை நேரமும் தலைகீழாகும், ராத்திரி போட வேண்டியது காலைக்குத் தள்ளிப்போய் கடைசியில் விட்டே போகும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் வேண்டாம். கேட்டில் நாற்காலி உண்டா, பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று நண்பர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஃபிரிட்ஜில் ஒட்டிய அவசரக் காகிதத்தின் நகல் ஒன்று கூட வேலை செய்கிறவர் கையிலும் இருக்கட்டும்.

பைக் ஓட்டுவதற்கும் டாக்டர் அனுமதி வேண்டும். அதுவரை பஸ் ஸ்டாப்பில் கொண்டு விடுவது யார் என்று முதல் படியிலேயே முடிவு செய்திருப்பீர்கள், இல்லையென்றால் இன்றைக்கே செய்துவிடுங்கள்.